பெருமுக்கல் ஏழுமலையும் என் முதல் காரின் கயிறும்

ஏழுமலை இறந்த செய்தி மார்கழி மாதத்தில் ஒரு காலை, பத்து மணி சுமாருக்கு எனக்கு வந்தது. திண்டிவனத்தில் என் கிளினிக் வாசலில் அவருடைய மைத்துனன் முருகேசன் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு நின்றான். சாவுச் செய்தி சொல்லப் புறப்பட்டவன் எந்த வீட்டிலும் உட்காரக் கூடாது, தண்ணீரும் குடிக்கக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம்.

"மாமா பூட்டாருங்க டாக்டரம்மா. வெடிகாலையில மாரு வலிக்குதுன்னாரு. உங்களாண்ட இட்டாந்துடலாம்னு வண்டிய எடுக்கப் போனோம். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி" என்றான்.

மேற்கொண்டு நான் கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்குச் செய்தி சொல்ல அவன் போய்விட்டான். உள்ளே மேசைமேல் ஒரு பெண் பிரசவ வேதனையில் இருந்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. அன்று மாலை வரை என்னால் அந்த அறையை விட்டு நகர முடியவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குள் பெருமுக்கலில் ஏழுமலையை எடுத்துவிட்டார்கள். அவர் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை.

முருகேசன் சொன்னதில் ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வண்டியை எடுக்கப் போனார்கள். அந்த வண்டி மார்கழிப் பனியில் தானாகக் கிளம்பாது. காரின் மூக்கில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் உயிர் பெறும். வளைந்த இரும்புக் கம்பியான அந்த ஹேண்டிலோ ஒன்பது வருஷமாக என் அறைக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது.

உங்களில் பலருக்கு அவரைக் கார்க்கார ஏழுமலை என்றுதான் தெரியும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையை மார்க்கெட் கமிட்டிக்கு மாட்டு வண்டியில் கொண்டுவராமல் காரின் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தவர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அந்தக் கறுப்புக் கார் அவருக்கு முன்னால் என்னுடையது. என் முதல் கார். அதற்குப் பிறகு நான் இன்னொன்று வாங்காததால் கடைசிக் காரும் அதுதான்.

மெட்ராஸிலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இரண்டே கதவு. விழுப்புரத்தில் ரயில்வே கார்டாக இருந்த என் அப்பா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்? குதிரை வண்டி போதாதா?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "குதிரைக்குப் பதில் நான் ஓடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கொண்டுவந்தேன். அதற்கு நான் வெளியில் சொல்லாத ஒரு பெயர்கூட வைத்திருந்தேன். இப்போதும் சொல்லமாட்டேன்.

ஏழுமலையை நான் முதலில் பார்த்தது ஏரிக்கரைச் சேற்றில். அவர் மனைவி அஞ்சலைக்குத் தலைப்பிரசவம். ஊருக்குக் கால் மைல் இருக்கும்போது வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. அவர் ஏரில் பூட்டியிருந்த இரண்டு மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "நீங்க உள்ளயே குந்துங்கம்மா. எறங்கினா பொடவ பாழாப்பூடும்" என்று சொல்லிவிட்டு மாடுகளின் காதில் ஏதோ பேசினார். வண்டி மேலே ஏறியது. நான் வீட்டுக்குள் போய்ப் பெண் குழந்தையை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் என் காரின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏழுமலை பக்கத்தில் காலிக் குடத்தோடு நின்றார்.

"தொட்டுப் பாத்தேங்க. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. ஓடிவந்த மாட்டுக்கு ஊத்தறாப்பல நாலு கொடம் ஊத்தனேன்" என்றார்.

நான் கத்திய கத்தலில் உள்ளே குழந்தை அழுதது. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெடித்துவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வைக்கோல் மட்டும் போடாமல் விட்டீர்களே என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "போடலாமான்னு ரோசன பண்ணிக்கினு இருந்தேங்க" என்றார். வண்டிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

அந்தக் காரை நான் ஏன் விற்றேன் என்று இதுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. ஒரு பனிக்காலக் காலையில் அவசரமாகக் கிளம்பும்போது ஹேண்டில் எதிர்ச் சுற்றாக உதைத்துக்கொண்டது. கட்டை விரலை மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவசரத்தில் மடக்கிவிட்டேன். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் பயம் போகவில்லை. என் பிழைப்பு அந்தக் கையில் இருக்கிறது. என் பிழைப்பு மட்டுமா, வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கும் பிள்ளைகளின் பிழைப்பும் அதில்தான். மறுபடி ஒருமுறை உடைந்தால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, விற்பது என்று முடிவு செய்தேன். என் கம்பவுண்டர் சூசை ஊரெல்லாம் சொல்லிவைத்தார். பார்க்க வந்த ஒருவர் டயரை எட்டி உதைத்துப் பார்த்தார். அவரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயம் அது. ஒரு வெள்ளிக்கிழமை ஏழுமலை வந்தார். கையோடு அந்த இரண்டு மாடுகளையும் ஓட்டிவந்திருந்தார். தோளில் மஞ்சள் தடவிய புதுக் கயிறு.

அவர் கார் வாங்கியதைப் போல யாரும் கார் வாங்கியிருக்கமாட்டார்கள். நெற்றியிலும் முதுகிலும் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று மாட்டைச் சுற்றிவந்து பார்ப்பார்களே, அதுபோல வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். நான் ஒரு புளிய மரத்தில் இடித்த பள்ளம் வலது மட்கார்டில் இருந்தது. அதை விரலால் தடவி, "நல்ல எடத்துல கீது" என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் என்று கேட்டார். பிறகு, மாட்டுச் சந்தையில் செய்வதுபோல, துண்டை விரித்து அதன் அடியில் விரலைப் பிடித்து விலை பேசக் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் எதிரில் நிற்பது பெண்பிள்ளை என்பது உறைத்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, காதுவரை சிவந்துபோய், சூசையைப் பார்த்தார். துண்டுக்குள் சூசைதான் எனக்காக விரல் கொடுத்தார். பாவம், ஆயுளில் அவருக்கு அதுதான் முதல் மாட்டு வியாபாரம்.

பேச்சு முடிந்தது. ஏழுமலை காரின் முன்னால் போய் நின்று, "உங்க கயித்த அவுத்துக்குங்கம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். மாட்டை விற்கிறவர் மாட்டைத்தான் கொடுப்பார், கயிற்றைக் கொடுக்கமாட்டார். அது விற்றவர் வீட்டில் தொங்க வேண்டும். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். "கயிறும் பூட்டா அந்த வூட்டுக்கும் அதுக்கும் ஒட்டு ஒறவே இல்லன்னு ஆயிடுங்க. அது பாவம்" என்றார்.

காருக்கு ஏது கயிறு என்றேன். அவர் வண்டியை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து ஹேண்டிலை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இத புடிச்சாத்தான அது வருது? அப்ப இதாங்க கயிறு. உங்க கைய ஒடச்சதும் இதுதான். உங்களாண்டயே கெடக்கட்டும்."

இங்கே நான் என் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டிக்கு ஹேண்டில் இல்லாமல் ஆகாது என்று எனக்குத் தெரியும். பேட்டரி பழசு. அதைச் சொல்லி ஹேண்டிலைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நான் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அந்த வண்டியில் ஏதாவது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்ற ஆசை. அவ்வளவுதான். வேறு சாக்கு எதுவும் இல்லை.

டவுனுக்குள் ஓட்டப் பழகவில்லை என்று அவர் புதுக் கயிற்றை பம்பரில் கட்டி மாடுகளைப் பூட்டினார். சூசை ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். என் கார் இரண்டு மாடுகளுக்குப் பின்னால் மரக்காணம் ரோட்டில் மெதுவாகப் போயிற்று. தெருவே நின்று சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பத்து நாள் கழித்து அவர் ஏழெட்டு மைல் சைக்கிள் மிதித்து வந்து நின்றார். "வண்டி கெளம்பலீங்க. காலையிலேர்ந்து ஒரே பேஜாரு. கயித்த செத்த குடுத்தீங்கன்னா ஜல்தியா கொணாந்து குடுத்துடறேன்." கொடுத்தேன். பத்து நாளில் ஓட்டப் பழகிக்கொண்டவர், விளக்கு வைப்பதற்கு முன்னால் காரிலேயே வந்து ஹேண்டிலைக் கொடுத்தார். "இருக்கட்டுமே, நாளைக்குக் கொடுத்தால் என்ன?" என்றேன். "ஐயோ, விக்கிறவங்க கயிறு வாங்கினவன் வூட்ல ராத்தங்கக் கூடாதுங்க" என்றார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு, "நா ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். நீங்க வேணா உள்ள குந்திக்கினு இருங்க" என்றார்.

அவர் ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடிப்பவர். நான் ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மல்லாட்டைத் தோல் வாசனை அடித்தது. கண்ணாடியைத் துடைத்தேன். ஹாரனை ஒரு தடவை அமுக்கினேன்.

அன்று தொடங்கியது. மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை. சைக்கிளில் வருவார், ஹேண்டிலை வாங்கிப் போவார், மாலையில் காரில் வந்து திருப்பிக் கொடுப்பார், டீ குடிக்கப் போவார். ஒவ்வொரு முறையும், "கட்டை விரலை மடக்காதீங்க" என்று நான் சொல்வேன். "மடக்கலீங்க" என்பார். பட்டறையில் சொந்தமாக ஒரு ஹேண்டில் அடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் வண்டி வருவது நின்றுவிடும்.

ஒருநாள் கமிட்டி வாசலில் என் காரைப் பார்த்தேன். பின் சீட்டில் நான்கு மூட்டை. முன் சீட்டில் ஒரு வெள்ளாடு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஊரை வேடிக்கை பார்த்தது. குதிரை வண்டியிலிருந்து குதித்து இறங்கி அங்கேயே சண்டை பிடித்தேன். அந்த சீட்டுக்கு நான் எப்படித் துணி தைத்துப் போட்டிருந்தேன் என்று தொடங்கி என்னென்னவோ சொன்னேன். ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மாட்ட பூச பண்றதுக்கா வாங்கறோம்? ஒழச்சாத்தாங்க அதுக்கும் மருவாதி. ஆனா ஆட்ட முன்னால குந்த வச்சது தப்புதான்" என்றார்.

மறுநாள் அவரே சீட்டைக் கழுவிக் காயவைத்து வண்டியைக் கொண்டுவந்து காட்டினார். அதற்கு அடுத்து வந்த மாட்டுப் பொங்கலன்று வண்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஹெட்லைட்டுக்கு மாலை போட்டு, ஊர்வலம் போவதற்கு முன் என் வாசலுக்கு ஓட்டிவந்தார். பொறந்த வூட்ல மொதல்ல காட்டணும் என்று அஞ்சலை சொன்னாளாம். அது முதல் ஒவ்வொரு வருஷமும் வந்தது. மாதா கோயில் பூசையிலிருந்து திரும்பும் எங்கள் ஜனங்கள் என் வாசலில் நின்று மாலை போட்ட காரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் வரவில்லை.

விழுப்புரத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நடந்தபோது நான் பெரிய சங்கடத்தில் இருந்தேன். கார் வேண்டாம் என்று சொன்ன அதே அப்பா, ரயில்வே காலனி முழுக்க, என் பெரிய பெண் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவாள் பாருங்கள் என்று பெருமையடித்து வைத்திருந்தார். விற்றுவிட்டதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே சூசையிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ஏழுமலை வண்டியோடு வந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் ஓரமாக நிறுத்தி இறங்கினார்.

"கை ஆறி வருசமாவுது. நீங்க ஓட்டுங்க. நா பின்னால குந்திக்கினு வர்றேன்."

"ஏழுமலை, எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு" என்றேன்.

"உங்களுக்கு விட்டுப்போச்சி. அதுக்கு விட்டுப்போயிருக்காதுங்க" என்றார்.

விழுப்புரம் கோயில் வாசலில் நான் காரை ஓட்டிக்கொண்டு போய் இறங்கினேன். அப்பா எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் வெள்ளைத் தலைப்பாகையோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஏழுமலையை என் சித்தி யாரோ பெரிய மிராசுதார் என்று நினைத்து, முதல் பந்தியில் பங்குச் சாமியாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். திரும்பும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் அந்த நாளை முதலில் சொல்வேன்.

இப்படிப்பட்ட மனிதர் மார் வலியோடு கிடந்தபோது, வண்டி கிளம்பாமல் நின்றதற்கு நான் காரணமா? செய்தி வந்த நாள் முதல் எனக்கு வேறு நினைப்பு இல்லை. அவர் ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைத்தேன். பெயரைக் கேட்ட சாமியார் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பூசையில் மனம் நிற்கவில்லை. முருகேசனைக் கூப்பிட்டு விசாரிக்கவும் தைரியம் இல்லை. எத்தனையோ வீடுகளில் கெட்ட செய்தியைச் சொன்ன எனக்கு, ஒன்றைக் கேட்டுக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஹேண்டிலை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வேப்ப மரத்தடியில் கார் நின்றது. தூசி படிந்திருந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிடப் போன பிறகு அஞ்சலையிடம் துணியைப் பிரித்து நீட்டினேன்.

"இது என்கிட்ட இருந்ததாலதானே அன்னைக்கு வண்டி கிளம்பல? என்னை மன்னிச்சிடு அஞ்சலை. நான் அன்னைக்கே திருப்பிக் குடுத்திருக்கணும்" என்றேன்.

அஞ்சலை என் கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் கூட்டிப்போய் டிக்கியைத் திறந்தாள். ஒன்பது வருஷத்தில் நான் திறக்காத இடம் அது ஒன்றுதான். காலிச் சாக்குகளுக்கு அடியிலிருந்து ஒரு ஹேண்டிலை எடுத்தாள். கொல்லுப் பட்டறையில் அடித்தது. பிடிக்கிற இடம் தேய்ந்து பளபளத்தது.

"வண்டி வாங்கின மாசமே அடிச்சதுங்க இது. அன்னிக்கும் என் தம்பி இத போட்டுத்தான் சுத்தினான். ஒரே சுத்து, கெளம்பிடிச்சி. அவர வண்டியில தூக்கிப் போட உள்ள வந்தோம். அவருதான் இல்ல."

காரின் படியிலேயே உட்கார்ந்தேன். "அப்போ எதுக்கு அவ்வளவு தூரம் சைக்கிள்ல வந்து என்கிட்ட வாங்கிட்டுப் போனார்?"

"நானும் கேட்டேங்க. மாட்ட வித்தவன் நாலு நாளு நம்ம வூட்டுப் பக்கம் வந்து பாத்துட்டுப் போவான். அந்த அம்மா டவுனு ஆளு. அவங்களுக்கு வரத் தெரியாது, கேக்கவும் தெரியாது. நாமதான் ஓட்டிக்கினு போய்க் காட்டணும்ன்னாரு. சும்மா போனா கூச்சப்படுவாங்கன்னுதான் இந்தக் கயிறு கதையெல்லாம்."

சித்திரை வெயிலில்கூட வண்டி கிளம்பவில்லை என்று வந்து நின்றிருக்கிறார். நாடியைப் பிடித்து நோயைச் சொல்கிற எனக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லை. மற்றவர்களின் சந்தோஷத்துக்காக எத்தனை மைல் சைக்கிள் மிதித்திருக்கிறார் இந்த மனிதர் என்று நினைத்தபோது, பதினாறு நாளாக வராத அழுகை அங்கே வந்தது. அஞ்சலையும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

என் ஹேண்டிலை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அதை அதே துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள். "அது அவரு கையால எடுத்துக் குடுத்தது. உங்க வூட்லயே இருக்கட்டும்" என்றாள்.

அவரைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொன்றை வைத்திருப்பீர்கள். அவருடைய சிரிப்பையோ, மாட்டின் காதில் அவர் பேசிய பேச்சையோ. என்னிடம் இருப்பது ஒரு வளைந்த கம்பி. என் கையை உடைத்ததும் அதுதான், ஒன்பது வருஷம் என் மனசை உடையாமல் பார்த்துக்கொண்டதும் அதுதான். பழையபடி கதவுக்குப் பின்னால் சாத்திவைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. முருகேசன். என்னை நேராகப் பார்க்காமல் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே, "வண்டி கெளம்பலீங்க. அக்கா உங்களாண்ட கயித்த வாங்கியாரச் சொல்லிச்சி" என்றான்.

நான் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன். கட்டை விரலை மடக்காதே என்றேன். விளக்கு வைப்பதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.